பழைய கேம்பரின் புரொப்பேன் ஃபர்னஸ்: விசிறி ஓடுகிறது, தீ மட்டும் பற்றுவதில்லை

கேள்வி

வணக்கம் நண்பர்களே. ஏறத்தாழ 30 ஆண்டுப் பழமையான, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேம்பர் ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறேன். வண்டி தயாரானபோது பொருத்தப்பட்ட, புரொப்பேன் கேஸை எரித்து உள்ளறையைச் சூடாக்கும் ஃபர்னஸ்தான் இன்றும் அதில் இருக்கிறது. எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறுசுடர் கொண்ட மிகப் பழைய வகை அன்று இது. வெப்பநிலையைக் கண்காணிக்கும் தெர்மோஸ்டாட் அழைத்தவுடன் மின்பொறியால் தானே பற்றவைத்துக்கொள்ளும் வகை. அதன் தகட்டில் 30,000 பி.டி.யூ. (வெப்ப அலகு) என்று குறிக்கப்பட்டிருக்கிறது.

தெர்மோஸ்டாட்டை உயர்த்தினால் சில நொடிகள் கழித்து விசிறி சுழலத் தொடங்குகிறது. ஆனால் அதன் ஓசையில் வேகம் இருப்பதாகத் தோன்றவில்லை. பொறி தெறிக்கும் டிக், டிக் சத்தம் கேட்பதே இல்லை. குளிர்ந்த காற்றை மட்டும் அது ஊதிக்கொண்டே இருக்கிறது. வண்டியை வெளி மின்சாரத்தில் இணைத்திருக்கும்போது மட்டும் பெரும்பாலும் பற்றிக்கொள்கிறது. பேட்டரியை மட்டும் நம்பி நிற்கும் இடங்களில்தான் இந்தத் தொல்லை. பேட்டரியை மல்டிமீட்டரால் அளந்தேன், 12.6 வோல்ட் காட்டியது. ஃபியூஸ் சரியாக இருக்கிறது. அதே சிலிண்டரில் இயங்கும் அடுப்பும் நன்றாகவே எரிகிறது, ஆகவே கேஸ் பக்கம் குறை இருக்காது என்று எண்ணுகிறேன்.

இரண்டு யோசனைகள் எனக்குச் சொல்லப்பட்டன. கன்ட்ரோல் போர்டு கெட்டுவிட்டது, அதை மாற்றிவிடுங்கள் என்பது ஒன்று. காற்றோட்டம் போதுமா என்று பார்க்கும் செயில் சுவிட்ச்சுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் நேரடியாக முறுக்கி இணைத்துவிட்டால் தீ பற்றிக்கொள்ளும் என்பது மற்றொன்று. குளிர்காலம் நெருங்குகிறது, இந்த வண்டியில் குழந்தைகளும் உறங்குவார்கள். எதையும் தோராயமாகச் செய்ய எனக்கு மனமில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் பதில்

வணக்கம் நண்பரே. முதலில் அந்த இரண்டாவது யோசனையை முற்றாக விட்டுவிடுங்கள். செயில் சுவிட்ச்சை நேரடியாக இணைப்பது ஏன் கூடாது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குமுன் இந்த ஃபர்னஸ் எந்த வரிசையில் வேலை செய்கிறது என்பதை அறிந்துகொண்டால், பாதி விடை உங்கள் காதுக்கே கிடைத்துவிடும்.

தெர்மோஸ்டாட் என்பது இங்கே இரண்டு கம்பிகளை இணைத்துவிடும் எளிய சுவிட்ச் மட்டுமே. அது மூடியதும் ரிலே வழியாக விசிறி மோட்டாருக்கு 12 வோல்ட் மின்சாரம் செல்கிறது. பழைய மாதிரிகளில் இந்த ரிலே சில நொடிகள் தாமதித்தே மூடும், ஆகவே விசிறி உடனே சுழலாததைக் குறையாகக் கருத வேண்டாம். ஒரே மோட்டாரின் அச்சில் இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன. ஒன்று வண்டிக்குள் இருக்கும் காற்றை இழுத்துச் சூடான உலோகத்தின் மேல் செலுத்துகிறது; மற்றொன்று எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியே தள்ளுகிறது. விசிறி தன் முழு வேகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டியதும், காற்றோட்டம் ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளிச் செயில் சுவிட்ச்சை மூடுகிறது. அதற்குப் பின்னரே, அதிகச் சூட்டில் திறந்துகொள்ளும் லிமிட் சுவிட்ச் வழியாக மின்சாரம் கன்ட்ரோல் போர்டைச் சென்றடைகிறது. போர்டு சுமார் 15 நொடிகள் காத்திருந்து, எரியறையில் தேங்கிய கேஸ் ஏதேனும் இருந்தால் அது வெளியேற இடம் கொடுத்துவிட்டு, கேஸ் வால்வைத் திறந்து ஏறத்தாழ 7 நொடிகள் பொறி தெறிக்கச் செய்யும். தீ பற்றியது என்பதை உணர்ந்தால் வால்வு திறந்தே இருக்கும், உணராவிட்டால் மூடிவிடும்.

உங்களிடம் விசிறி ஓடுகிறது, பொறிச் சத்தம் இல்லை. அப்படியானால் வரிசை செயில் சுவிட்ச்சுக்கும் போர்டுக்கும் இடையே எங்கோ நின்றுவிடுகிறது. விசிறியின் வேகம் குறைவாகத் தோன்றுகிறது என்றும், வெளி மின்சாரத்தில் பற்றிக்கொள்கிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெளி மின்சாரம் வந்ததும், அதைப் பேட்டரிக்கேற்ற நேர்மின்சாரமாக மாற்றும் கன்வெர்ட்டர் 13.6 வோல்ட் அளவுக்குத் தருகிறது. விசிறி வேகமெடுக்கிறது, தகடு நகர்கிறது. பேட்டரியில் அந்த வேகம் கிடைப்பதில்லை. போர்டு கெட்டிருந்தால் அது வெளி மின்சாரத்துக்கு ஒரு மாதிரியும் பேட்டரிக்கு ஒரு மாதிரியும் நடந்துகொள்ளக் காரணம் இல்லை. ஆகவே போர்டை வாங்குவதற்கு முன் வோல்டேஜைத் தீர்த்துவிடுங்கள்.

நீங்கள் அளந்த 12.6 வோல்ட், சுமை ஏதும் இல்லாமல் ஓய்ந்திருக்கும் பேட்டரியின் அளவு. அது பேட்டரி நிறைந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஃபர்னஸுக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்லாது. இந்த அளவுள்ள ஃபர்னஸின் மோட்டார் 7 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். வழியில் 0.3 ஓம் தடை இருந்தாலே 8 ஆம்பியரில் 2.4 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். ஃபர்னஸின் கம்பி இணைப்பில், விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, 10.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு, 11.5க்கு மேல் இருந்தால் நிம்மதி.

குறைந்தது என்று தெரிந்தால், எங்கே குறைகிறது என்பதையும் மீட்டரே சொல்லிவிடும். விசிறி ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை ஃபர்னஸின் நெகட்டிவ் கம்பியிலும் வையுங்கள். அங்கே 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை எர்த் பக்கத்தில் இருக்கிறது. அதேபோலப் பாசிட்டிவ் பக்கத்தையும் பாருங்கள். பழைய கேம்பர்களில் சேசிஸில் திருகிவைத்த எர்த் இணைப்பு துருப்பிடித்து நிற்பதுதான் நான் அதிகம் கண்ட காரணம். அடுத்து வருவது ஃபியூஸ் பெட்டியில் கருகிய முனைகள்.

செயில் சுவிட்ச் மூடுகிறதா என்பதை அறியவும் கம்பிகளை முறுக்க வேண்டிய தேவை இல்லை. விசிறி ஓடும்போது சுவிட்ச்சின் இரண்டு முனைகளுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 12 வோல்ட் அளவுக்குக் காட்டினால் சுவிட்ச் திறந்தே இருக்கிறது; பூச்சியத்துக்கு அருகில் காட்டினால் மூடிவிட்டது. லிமிட் சுவிட்ச்சுக்கும் இதே சோதனை பொருந்தும். கம்பியை முறுக்கிவிட்டு அப்படியே மறந்துவிட்டால், விசிறி நின்றுபோன ஒருநாளில் காற்றோட்டமே இல்லாத எரியறைக்குள் தீ எரியும். உலோகம் பழுக்கக் காயும், புகை வெளியே தள்ளப்படாது. உறங்குபவர்களுக்கு அருகில் அப்படி ஒரு நிலை வரவே கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சுவிட்ச் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது பதில்

மேலே நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வோல்டேஜிலிருந்து தொடங்குவதே முறை. எனினும் வோல்டேஜ் சரியாக இருந்தும் செயில் சுவிட்ச் மூடாத வண்டிகள் உண்டு என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். செல்லப்பிராணிகளின் முடி, தூசு, துணிநூல் ஆகியவை அந்தத் தகட்டின் கீல் ஓரத்தில் சுற்றிக்கொண்டு அதைப் பாதியிலேயே நிறுத்திவிடும். தகடு காகிதத்தைப் போல மெல்லியது, ஆகவே விரலால் அழுத்தி வளைத்துவிடாமல் மென்தூரிகையால் துடையுங்கள். முந்தைய உரிமையாளர் யாரேனும் மோட்டாரை மாற்றியிருந்தால் அதன் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நேர்மின் மோட்டாருக்கு முனைகள் மாறினால் அது எதிர்த்திசையில் சுழலும். அப்போதும் ஓரளவு காற்று வரும், ஆனால் சுவிட்ச்சை மூடும் அளவுக்கு வராது. மோட்டாரின் பேரிங் தேய்ந்து கனத்துப்போனாலும் இதே விளைவுதான். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் தடையில்லாமல் சிறிது நேரம் ஓட வேண்டும்.

ஒரு கருத்தில் மட்டும் உங்களோடு மாறுபடுகிறேன். அடுப்பு நன்றாக எரிகிறது, ஆகவே கேஸ் பக்கம் குறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது பலரையும் தவறான வழியில் அழைத்துச் செல்லும் முடிவு. ஓர் அடுப்பு பர்னர் மணிக்கு ஏறத்தாழ 7,000 பி.டி.யூ. கேட்கிறது, உங்கள் ஃபர்னஸ் 30,000 கேட்கிறது. மெலிந்துபோன ரெகுலேட்டர் முதலாவதைத் தாங்கும், இரண்டாவதைத் தாங்காது. குழாயைப் பாதி அடைத்துவிட்டாலும் ஒரு குடம் நிறையத்தான் செய்யும், தோட்டம் முழுவதற்கும் பாய்ச்சும்போதுதான் குறை தெரியும்.

புரொப்பேன் சாதனங்கள் எதிர்பார்க்கும் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம், அதாவது 28 சென்டிமீட்டர் நீரைத் தூக்கி நிறுத்தும் அளவு. இதை அளக்கக் கருவி வாங்கலாம்; இல்லாவிட்டால் தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் பலகையில் வளைத்துப் பொருத்தி, பாதி உயரத்துக்கு நிறநீர் ஊற்றி, ஒரு முனையைக் கேஸ் பாதையோடு இணைத்தும் அளக்கலாம். இரண்டு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசமே அழுத்தம். இணைக்கும் இடம் கட்டாயமாக ரெகுலேட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் இருப்பது சிலிண்டரின் முழு அழுத்தம். மிதமான வெப்பநிலையிலேயே அது 7 பாருக்கு மேல் இருக்கும், நீர் முகத்தில் தெறிக்கும், கேஸும் பீறிட்டு வெளியேறும். அடுப்பில் அளக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள்: பல கேம்பர் அடுப்புகளுக்குள் தனியாக ஒரு சிறு ரெகுலேட்டர் இருக்கும். அதற்குப் பின்னால் அளந்தால் 10 அங்குலமே காட்டும், அது குறையன்று.

அளக்கும்போது மற்றச் சாதனங்களில் ஏறக்குறைய பாதிச் சுமையை எரியவிட்டு அளக்க வேண்டும். எதுவும் எரியாதபோது காட்டும் எண்ணை மட்டும் பார்த்து நிறைவடைய வேண்டாம். அதே சமயம், எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு அழுத்தம் 14 அங்குலத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போனால், ரெகுலேட்டர் உள்ளுக்குள் கசிகிறது என்று பொருள். அதுவும் மாற்றப்பட வேண்டியதே.

சிலிண்டரைத் திறக்கும் விதமும் பலரும் கவனிக்காதது. கையால் திருகும் பெரிய பிளாஸ்டிக் திருகாணியோடு வரும் இணைப்புகளில், கேஸ் திடீரென்று வேகமாகப் பாய்ந்தால் அதை மட்டுப்படுத்தும் அமைப்பு உண்டு. வால்வைச் சட்டென்று திறந்தால், குழாய் அறுந்துவிட்டதென்று எண்ணி அது பாதையைச் சுருக்கிவிடும். அடுப்பு எரியும், ஃபர்னஸ் தவிக்கும். எல்லாவற்றையும் மூடி, சிறிது நேரம் பொறுத்து, வால்வை மிக மெதுவாகத் திறந்தாலே அது பழைய நிலைக்குத் திரும்பும்.

கடுங்குளிர் இடங்களுக்குப் போகிறீர்கள் என்றால் சிலிண்டரில் என்ன நிரப்பப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டறியுங்கள். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே வந்ததும் திரவமாகவே தங்கிவிடும். இரண்டும் கலந்த கேஸ் என்றால் குளிரிரவில் புரொப்பேன் முதலில் தீர்ந்து, எடை மீதியிருந்தும் அழுத்தம் இல்லாத சிலிண்டர் கையில் நிற்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே அளந்தேன். விசிறி ஓடும்போது பேட்டரி முனையில் 12.4 வோல்ட் இருந்தது. ஃபர்னஸின் இணைப்பில் 9.8 மட்டுமே. நெகட்டிவ் பக்கச் சோதனையில் மட்டும் 2.1 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. ஃபர்னஸுக்குப் பின்புறம், தரைக்கடியில் சேசிஸில் திருகிய எர்த் முனையைக் கண்டுபிடித்தேன். மேலிருந்து பார்த்தால் திருகு இறுக்கமாகவே இருந்தது. கழற்றிப் பார்த்தபோதுதான் வளையத்துக்கும் இரும்புக்கும் இடையே செம்பழுப்புத் துரு ஓர் ஏடு போலப் படர்ந்திருப்பதும், கம்பியின் செம்பு இழைகள் உறைக்குள் கறுத்துப்போயிருப்பதும் தெரிந்தன. கறுத்த பகுதியை வெட்டியெறிந்து, புதிய வளையத்தை நசுக்கிப் பொருத்தி (கிரிம்ப் செய்து), இரும்பைப் பளபளக்கும்வரை தேய்த்து மீண்டும் இணைத்தேன். இப்போது ஃபர்னஸில் 11.8 வோல்ட் கிடைக்கிறது. விசிறியின் ஓசையே மாறிவிட்டது. பொறிச் சத்தம் கேட்கிறது, பேட்டரியிலேயே தீயும் பற்றுகிறது.

ஆனால் புதிதாக ஒன்று தலைகாட்டுகிறது. மாலையில் நன்றாக எரிகிறது. குளிர் கூடிய பின், சில நிமிடங்கள் எரிந்துவிட்டு அணைந்துபோகிறது, பிறகு மீண்டும் பொறி தெறித்துப் பற்றுகிறது, மீண்டும் அணைகிறது. அடுப்பில் ஒரு பர்னரை எரியவிட்டுக் கவனித்தேன். ஃபர்னஸின் வால்வு திறக்கும் கணத்தில் அடுப்பின் சுடர் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. இது லிமிட் சுவிட்ச்சா, தீயை உணரும் எலக்ட்ரோடா, அல்லது ரெகுலேட்டரா?

இரண்டாவது பதில் எழுதியவர்

எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்பதே இங்கே தடயம். தீயை உணர்வதில் குறை என்றால் பற்றிய சில நொடிகளிலேயே அணைந்துவிடும். தீச்சுடர் வழியாக ஒரு திசையில் மட்டும் பாயும், மைக்ரோ ஆம்பியர் கணக்கிலான மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கொண்டே போர்டு தீ இருப்பதை அறிகிறது. எலக்ட்ரோடில் வெண்படலம் படிந்தாலும், பீங்கானில் விரிசல் விழுந்தாலும், பர்னரின் எர்த் சரியில்லாவிட்டாலும் அந்த மின்னோட்டம் போர்டைச் சேராது. உங்களுடையது நிமிடக்கணக்கில் எரிந்தபின் அணைகிறது, ஆகவே எலக்ட்ரோடை இப்போதைக்கு விட்டுவிடலாம். கழற்றும் வாய்ப்பு வந்தால் மென்மையான உப்புத்தாளால் துடைத்து, பொறி தெறிக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

லிமிட் சுவிட்ச் என்றால் வெளிவரும் காற்று மிகச் சூடாக இருந்த நிலையில் அணையும். வண்டிக்குள் காற்று திரும்பிச் செல்லும் துளைகளின் முன் பைகளை அடுக்கியிருந்தாலோ, தரைக்கடியில் சூடான காற்றைக் கொண்டுசெல்லும் டக்ட் நசுங்கியிருந்தாலோ, பல துளைகளை மூடிவைத்திருந்தாலோ வெப்பம் உள்ளேயே தேங்கி அது திறந்துகொள்ளும். ஆனால் அடுப்பின் சுடர் தாழ்கிறது என்று நீங்கள் கண்டுசொன்னதற்குப் பின் நான் ரெகுலேட்டரையே முதலில் சந்தேகிப்பேன். வண்டியோடு வந்த பழைய ரெகுலேட்டர் என்றால் 11 அங்குலம் அளந்து வந்தாலும் அதை மாற்றிவிடுவதே நல்லது. உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வுக்கு 10 முதல் 15 ஆண்டுகள்தான் வாழ்நாள் என்று கொள்ளலாம். புதியதைப் பொருத்தும்போது அதன் சுவாசத்துளை கீழ்நோக்கியிருக்க வேண்டும், மழைநீரும் சாலைச் சேறும் படாத மூடி இருக்க வேண்டும். அந்தத் துளையில் ஈரம் புகுந்து உறைந்துபோனாலும் குளிரிரவில் இதே அறிகுறிதான் வரும். இணைப்புகள் அனைத்திலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தபின்தான் பற்றவைக்க வேண்டும்.

கேஸ் பாதையைத் திறந்து மூடியபின் குழாய்க்குள் காற்று நிற்கும். ஃபர்னஸை மீண்டும் மீண்டும் முயலவிடாமல், அடுப்பை ஏற்றிச் சுடர் நிலைக்கும்வரை எரியவிடுங்கள். காற்று அதன் வழியே போய்விடும்.

மூன்றாவது பதில்

உரையாடல் நல்ல திசையில் போகிறது, எனினும் இதுவரை யாரும் எழுதாத ஒன்றை வலியுறுத்த வந்தேன். ஃபர்னஸ் எரிகிறது என்பதும், அதன் அருகில் உறங்கலாம் என்பதும் வெவ்வேறு முடிவுகள். 30 ஆண்டுகளாகச் சூடாகிக் குளிர்ந்து, குளிர்ந்து சூடான உலோக வெப்பப் பரிமாற்றியைக் கண்ணால் பார்க்காமல் யாரும் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த வகை ஃபர்னஸில் எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வருகிறது, புகை வெளியே போகிறது. வண்டிக்குள் சுழலும் காற்று அந்த உலோகச் சுவரின் மறுபக்கத்தை மட்டுமே தொடுகிறது. அந்த ஒரு சுவர்தான் உங்களுக்கும் புகைக்கும் இடையே உள்ள தடுப்பு. வளைவுகளிலும் வெல்டிங் மூட்டுகளிலும் மயிரிழை விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு டக்ட்டுகள் வழியாக நேராகப் படுக்கைக்கு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

ஆகவே கேஸை மூடி, பேட்டரியைத் துண்டித்து, ஃபர்னஸை வெளியே எடுங்கள். பெரும்பாலான மாதிரிகளில் கேஸ் குழாய், கம்பி இணைப்பு, வெளிப்புற வென்ட் ஆகியவற்றைக் கழற்றினால் பெட்டி முன்னோக்கி வந்துவிடும். வெப்பப் பரிமாற்றியின் உட்புறத்தில் பிரகாசமான விளக்கை வைத்து, இருட்டில் வெளியிலிருந்து ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். ஒளிக்கீற்று தெரிந்தால் அது விரிசல். புகை வெளியேறும் குழாயையும் காற்று உள்ளே வரும் குழாயையும் ஆராயுங்கள். புரொப்பேனில் சேர்க்கப்படும் மணப்பொருள் சிலவகைக் குளவிகளை ஈர்க்கிறது என்று இத்துறையில் பலரும் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் குளவிகள் அங்கே மண்கூடு கட்டுவது உண்மை. பாதியளவு அடைபட்டாலே சுடர் மஞ்சளாகிக் கரி படியும். வண்டியின் வெளிப்புறத்தில் வென்ட்டுக்கு மேலே கரிக்கறை இருக்கிறதா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

விரிசல் கண்டால் அதை வெல்டிங் செய்யவோ பசை பூசவோ எண்ணாதீர்கள். வெப்பப் பரிமாற்றியை மாற்ற வேண்டும், அது கிடைக்காவிட்டால் ஃபர்னஸையே மாற்ற வேண்டும். சபர்பன், அட்வுட் ஆகிய இரண்டு நிறுவனங்களின் ஃபர்னஸ்களே பழைய வட அமெரிக்க கேம்பர்களில் அதிகம் காணப்படுகின்றன. அட்வுட் நிறுவனத்தை 2014இல் டோமெட்டிக் வாங்கிவிட்டதால் அதன் உதிரிப்பாகங்களை டோமெட்டிக் என்ற பெயரிலும் தேட வேண்டும்.

கார்பன் மோனாக்சைடுக்கும் புரொப்பேன் கசிவுக்கும் உரிய எச்சரிக்கைக் கருவிகள் தனித்தனி. கார்பன் மோனாக்சைடு காற்றோடு ஏறக்குறைய ஒரே எடை, ஆகவே அக்கருவி படுக்கைக்கு அருகில் இருக்கலாம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தாழ்ந்து தேங்கும், ஆகவே அதன் கருவி தரைக்கு அருகில் இருக்க வேண்டும். இரண்டின் உணரிகளுக்கும் ஆயுள் உண்டு. பின்புறத்தில் அச்சிடப்பட்ட தயாரிப்பு ஆண்டையும் மாற்ற வேண்டிய காலத்தையும் பாருங்கள். சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கிறது என்பது ஒலிப்பான் வேலை செய்வதைத்தான் காட்டும், உணரி உயிரோடிருப்பதை அன்று.

கேள்வி கேட்டவர்

ரெகுலேட்டரை மாற்றிவிட்டேன். பழையதில் இரண்டு அடுப்பு பர்னர்களும் ஃபர்னஸும் எரியும்போது நீர்மட்ட வித்தியாசம் 7 அங்குலத்துக்கு இறங்கியது. புதியதில் 11இல் அசையாமல் நிற்கிறது, எல்லாவற்றையும் நிறுத்தினால் 12க்குச் சற்று மேலே ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. அணைந்து பற்றும் தொல்லை நீங்கிவிட்டது.

அதன்பின் ஃபர்னஸை வெளியே எடுத்தேன். வெப்பப் பரிமாற்றியில் விளக்கு வைத்து இருட்டில் பார்த்தோம். எங்கும் ஒளி கசியவில்லை. மேற்பரப்பில் துருவின் நிறம் இருக்கிறது, ஆனால் விரலால் தேய்த்தால் உதிரவில்லை. காற்று உள்ளே வரும் குழாயில் உலர்ந்த மண்கூடு ஒன்று பாதி வாயை அடைத்திருந்தது, அதை முழுமையாக நீக்கிவிட்டேன். வென்ட்டின் கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் பட்டை) கையோடு பொடிந்து வந்துவிட்டது. புகைக்குழாயின் வெளிமுனை துருவால் தேய்ந்து, வென்ட் மூடிக்குள் நுழைய வேண்டிய நீளத்தைவிடக் குட்டையாகத் தெரிகிறது. வெப்பம் தாங்கும் சிலிக்கான் பசையைப் பூசி இவ்விரண்டையும் சமாளிக்கலாமா?

மூன்றாவது பதில் எழுதியவர்

வெப்பப் பரிமாற்றி நலமாக இருக்கிறது என்பது உண்மையிலேயே மகிழ்ச்சி. பசை மட்டும் வேண்டாம். கேஸ்கெட் ஒருமுறை கழற்றினாலே மாற்ற வேண்டிய பொருள். பொடிந்ததற்கு மாற்று புதியதுதான், அதையும் உங்கள் மாதிரி எண்ணுக்குரியதாகவே வாங்குங்கள்.

புகைக்குழாய் குட்டையாக இருப்பது கேஸ்கெட்டைவிடப் பெரிய குறை. காற்று உள்ளே வரும் வாயும் புகை வெளியேறும் வாயும் ஒரே வென்ட் மூடிக்குள் அருகருகே இருக்கின்றன. குழாயின் முனை மூடியைக் கடந்து வெளியே நீளாவிட்டால், வெளியேறிய புகையின் ஒரு பகுதி அப்படியே உள்வாயால் இழுக்கப்பட்டு மீண்டும் பர்னருக்கே போகும். ஆக்சிஜன் குறைந்த அந்தக் காற்றில் சுடர் தள்ளாடும், கார்பன் மோனாக்சைடும் பெருகும். வண்டிச் சுவரின் இடுக்கிலும் சூடான புகை புகும். அங்கே இருப்பது மரச்சட்டமும் காப்புப் பஞ்சும். ஆகவே குழாயைப் புதிதாக மாற்றி, கையேட்டில் சொல்லியிருக்கும் நீளத்துக்கு மூடியைக் கடந்து நிற்கிறதா என்று அளந்துவிட்டுப் பொருத்துங்கள்.

எல்லாம் பொருத்தியபின், வண்டியில் யாரும் உறங்காத ஒரு பகல்பொழுதில், கதவுகளையும் சன்னல்களையும் மூடி, அளவை எண்ணாகக் காட்டும் கார்பன் மோனாக்சைடு கருவியை டக்ட் வாய்க்கு எதிரே வைத்து, நீங்கள் வெளியே இருந்துகொண்டு, ஃபர்னஸ் பலமுறை பற்றி அணையும்வரை ஓடவிடுங்கள். கருவி பூச்சியத்தை விட்டு எழுந்தால் கேஸை மூடிவிட்டுத் தகுதியுள்ள பணியாளரை அழைக்க வேண்டும். எழாவிட்டால் பேட்டரியின் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 8 ஆம்பியர் இழுக்கும் விசிறி 10 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 40 ஆம்பியர் மணி செலவாகும், 100 ஆம்பியர் மணி கொண்ட ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் விளக்குகளுக்கும் பம்புக்கும் எஞ்சுவது 10 ஆம்பியர் மணிதான்.